பூட்டில்லாத கை

வால்டர் ஹென்ஷாவின் வலது கையை விரிப்பதற்கு இரண்டு செவிலியர்கள் போராட வேண்டியிருந்தது. விரல்களுக்குள் ஒரு காகிதம் கசங்கிக் கிடந்தது. டாக்டர் ஜெனோவா அவருடைய இடது காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தாள். தோலுக்கடியில் அரிசி மணியளவு இருந்த சொற்பூட்டு சுட்டது.

"என்ன எழுதப் பார்த்தார்?"

"ரொமேரோங்கற பேரை" என்றாள் வால்டரின் மகள். "சும்மா, எழுத வருதான்னு பார்க்கத்தான். சமையல் மேடையில காகிதத்தை வெச்சு எழுதினார். முதல் எழுத்து முடியறதுக்குள்ள விழுந்துட்டார்."

சொற்பூட்டு புழக்கத்துக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாக்குக் கொடுப்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குபவர் எதிரே நின்று "ஏற்றேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதன்பிறகு சொன்னதை மீற நினைத்தால் கை எழாது, நாக்குப் புரளாது. வாங்கியவரே நேரில் வந்து தன் உயிர்க்குரலில் "விட்டேன்" என்றால்தான் பூட்டுத் திறக்கும். பதிவு செய்த குரலுக்கு அது மசியாது. வங்கிகள் ஜாமீன் கேட்பதை நிறுத்தின. திருமணங்களில் மோதிரத்துக்கு முன்னால் பூட்டு மாற்றிக்கொண்டார்கள். வழக்கறிஞர்களில் பாதிப் பேர் வேறு தொழில் தேடிப் போனார்கள்.

பூட்டை எதிர்த்து முரண்டு பிடித்தவர்களுக்கு மட்டும் வலிப்பு வந்தது. பூட்டிழுப்பு என்று அதற்குப் பெயர். அப்படிப்பட்டவர்களின் பூட்டை நரம்பிலிருந்து பிரித்தெடுக்கத் தெரிந்த அறுவை மருத்துவர்கள் நாட்டில் சில நூறு பேர்தான் இருந்தார்கள். அவர்கள் யாரும் பூட்டுப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம் விலக்கு அளித்திருந்தது. ஏழு மணிக்குள் வீடு திரும்புவதாக மனைவியிடம் பூட்டுப் போட்டிருந்த மருத்துவர் ஒருவர், திறந்த மண்டைக்கு முன்னால் கத்தியோடு உறைந்து நின்ற பிறகு வந்த விலக்கு அது.

வால்டரைச் சாகடித்துக்கொண்டிருந்த பூட்டு, ஒரு தேர்தல் பூட்டு.

அமெரிக்கர்கள் தங்கள் அதிபருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. நவம்பரில் அவர்கள் போடும் ஓட்டு, தங்கள் மாநிலத்துக்கான தேர்வாளர்களை நியமிக்கிறது. டிசம்பரில் அந்தத் தேர்வாளர்கள் அவரவர் மாநிலத் தலைநகரில் கூடி எழுதும் பெயரே அதிபரின் பெயர். நாடு முழுவதும் 538 தேர்வாளர்கள். ஜெயிக்க 270 வேண்டும். எப்போதாவது ஒரு தேர்வாளர் மனம் மாறி வேறு பெயரை எழுதிவிடுவதுண்டு. அந்தச் சின்ன இடைவெளியையும் அடைத்துவிட விரும்பிய கட்சிகள், எல்லா மாநிலங்களிலும் சட்டம் இயற்றித் தேர்வாளர்களுக்குப் பூட்டுப் போட்டன.

வால்டரும் மற்றவர்களும் ஆளுநர் ஹார்க்னஸின் முன்னால் நின்று சொன்னார்கள்: "டிசம்பரில் வருவேன், உங்கள் பெயரை எழுதுவேன்." ஹார்க்னஸ் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக் குலுக்கி "ஏற்றேன்" என்றார். நவம்பரில் சரியாக 270 தேர்வாளர்களோடு ஜெயித்தார். டிசம்பர் பிறந்ததும் மாரடைப்பில் இறந்துபோனார்.

இனி "விட்டேன்" என்று சொல்ல ஆளில்லை. தேர்வாளர்களின் பூட்டைத் தொடவே கூடாது என்று உச்ச நீதிமன்றமும் தடை போட்டுவிட்டது.

அன்று மாலை வால்டர் கண் மூடினார்.

ஜெனோவா கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, நடைவழியில் அவள் கணவன் அமலன் நின்றிருந்தான். தூத்துக்குடியிலிருந்து வந்து மிச்சிகன் மாநிலத் தலைநகரான லான்சிங்கில் வேர்பிடித்தவர்கள் இருவரும். அமலன் பேட்டரித் தொழிற்சாலையின் சங்கச் செயலாளர். வால்டரைப் போலவே ஹார்க்னஸுக்குப் பூட்டுப் போட்ட தேர்வாளர்.

"போயிட்டாரா?"

"ம்."

அமலன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அவரு எடம் காலியாயிட்டு. வராத தேர்வாளர் எடத்துக்கு மத்தவங்க சேந்து வேற ஆள எடுத்துக்கலாம்னு சட்டம் இருக்கு. ஜெனோ, நீ வரணும்."

"நானா? கட்சியில வேற ஆளே இல்லையா?"

"எல்லாப் பயலும் மாநாட்டுல ஹார்க்னஸுக்குப் பூட்டுப் போட்டவன். பூட்டில்லாத ஆளு, நாங்க நம்புற ஆளு, நீ ஒருத்திதான்."

"ஒரு ஓட்ட வச்சு என்ன செய்வீங்க? 270 வேணும்லா?"

அமலன் அவளை ஜன்னலோரம் கூட்டிப்போனான். "கேளு. மிச்சமுள்ள 269 பேரும் செத்தவரு பேரத்தான் எழுதுவோம். போகாம இருந்திரலாம்னு பாத்தா, காலு தானா இழுத்துட்டுப் போயிரும். ஜனவரில காங்கிரஸ், அதான் நாடாளுமன்றம், கூடி எண்ணும்போது, செத்தவருக்கு விழுந்த ஓட்ட எண்ண மாட்டோம்பாங்க. ரொம்ப காலத்துக்கு முன்ன ஒருதடவ அப்படிச் செஞ்சிருக்காங்க."

"அப்போ எதிர்க்கட்சி விட்லாக் வந்துருவாரா? அவருக்கும் 268தான?"

"அவருக்கும் பத்தாது. யாருக்கும் பத்தலன்னா பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். அங்க ஆளுக்கு ஒரு ஓட்டு இல்ல, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. கலிபோர்னியாவுக்கும் ஒண்ணு, வயோமிங்குக்கும் ஒண்ணு. இருபத்தாறு மாநிலம் சேந்தா அதிபர். ஆனா நெனச்ச ஆள எடுக்க முடியாது. தேர்வாளர் ஓட்டு வாங்குனவங்கள்ல முதல் மூணு பேருக்குள்ளதான் எடுக்கணும். இப்போ உசுரோட இருக்கது ஒரே பேரு."

"விட்லாக்."

"ஆமா. நீ ரொமேரோன்னு எழுதினா ரெண்டு பேரு. ஒரு ஓட்டு போதும், ஜெனோ. விட்லாக்கப் பிடிக்காத மாநிலம் அவரு கட்சியிலயே மூணு இருக்கு."

அடெலா ரொமேரோ, ஹார்க்னஸோடு துணை அதிபர் பதவிக்கு நின்றவர். துணை அதிபருக்கான வாக்கு தனிச் சீட்டு. அந்த நாற்காலி அவருக்கு எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் அதில் உட்கார்ந்துகொண்டு விட்லாக்கைத் தடுக்க முடியாது. விட்லாக் தேர்தலில் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: தேர்வாளர்களுக்கு மட்டும் ஏன், வாக்காளர்கள் எல்லோருக்கும் பூட்டு. வசந்தத்தில் ஒரு கட்சிக்குச் சொல் கொடுத்தவன், இலையுதிர் காலத்தில் மனம் மாற முடியாது.

ஜெனோவா உள்ளே திரும்பிப் பார்த்தாள். வால்டரின் மகள் தகப்பனின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"வாரேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை லான்சிங்கில் பனி கொட்டியது. மாநிலப் பேரவைக் கட்டடத்தின் படிகளில் இரண்டு கட்சிக்காரர்களும் தடுப்புக்கு இருபுறமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அமலன் அவளைப் பக்கவாசல் வழியாக ஒரு சிறிய அறைக்குக் கூட்டிச் சென்றான். அங்கே மாநிலக் கட்சித் தலைவி பிரெண்டா கோல் காத்திருந்தார். மேசைமேல் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் இருக்கும் ஊசியை ஜெனோவாவுக்குத் தெரியும். அது உள்ளே வைத்ததைத்தான் அவள் தினமும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷ வேலை, டாக்டர்" என்றார் பிரெண்டா. "வாக்கை வாங்கிக்க ரொமேரோவே வந்திருக்காங்க."

அடெலா ரொமேரோ ஜன்னலருகே நின்றிருந்தார். ஒரு வாரமாகத் தூங்காத முகம். அருகில் வந்து ஜெனோவாவின் கையைப் பிடித்தார். "உங்களைச் சந்தேகப்படலை. ஆனா ஒரு நாட்டையே ஒருத்தரோட வாய்வார்த்தையில விட முடியாதே."

"பூட்டை நம்பி விட்டதாலதானே, மேடம், இப்ப இந்த அறையில நிக்கிறோம்?"

பிரெண்டா பெட்டியைத் திறந்தார். "இரண்டு மணிக்குக் கூட்டம். உள்ளே போனதும் நீங்க விட்லாக்னு எழுதினா? பயந்துபோய் எழுதாமலே வந்துட்டா? எங்களுக்கு என்ன உத்தரவாதம்?"

"ஒண்ணும் இல்லை" என்றாள் ஜெனோவா. "நாளைக்குக் காலையில ரெண்டு பேர் என் கையை நம்பிப் படுக்கப்போறாங்க. பூட்டுப் போட்ட கையால நான் கத்தியைத் தொடக் கூடாது. எழுதுறேன்னு சொன்னேன், எழுதுவேன். அது போதாதுன்னா வேற ஆளைப் பாருங்க."

பிரெண்டா அமலனைப் பார்த்தார். அமலன் மனைவியின் தோளைத் தொட்டுத் தமிழில் பேசினான்.

"போட்டுக்கோ ஜெனோ. பொறவு அவங்களே விட்டேன்னு சொல்லித் தொறந்துருவாங்க. ஒரு மணி நேரந்தான்."

"ஹார்க்னஸும் பொறவு தொறந்துவிடுறதாத்தான் இருந்தாரு."

"ஏ, இப்ப பிடிவாதம் பிடிக்க நேரமா?"

"நீங்களும் என்ன நம்பலையா?"

"நம்பாம கூப்பிடுவனா?"

"அப்போ எதுக்கு ஊசி?"

அமலன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அதைத் தடுத்தது எந்தப் பூட்டும் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவன் முகத்தில், கடையில் அளவு சரிபார்க்கிறவனின் பார்வை வந்துவிட்டிருந்தது.

மணி அடித்தது. வேறு ஆளைத் தேட நேரமில்லை. ரொமேரோ பெட்டியை மூடினார். "போங்க, டாக்டர்" என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை, வேறு வழியில்லாத களைப்புத்தான் இருந்தது.

சபைக்குள் மிச்சிகனின் மற்றத் தேர்வாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வால்டரின் இடத்துக்கு ஜெனோவாவை அவர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பூட்டுத் தடை சொல்லவில்லை. வாக்குச் சீட்டு வந்ததும் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒரு பெண்மணி இடக்கையால் வலக்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஜெனோவா பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் அந்தப் பெண்மணி தளர்ந்து, கையை அதன் போக்கில் விட்டுவிட்டாள். அமலனின் கை சீராக எழுதியது. அவன் கண்ணிலிருந்து நீர் சீட்டின்மேல் சொட்டியது. இறந்துபோன மனிதனின் பெயரை அவ்வளவு அழகான கையெழுத்தில் அவன் எழுதி அவள் பார்த்ததில்லை.

தன் சீட்டைக் குனிந்து பார்த்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இந்த வெற்றிடத்தில் யார் பெயரையும் எழுதலாம். எவர் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறிவிடும். முப்பது கோடிக்கும் மேற்பட்டவர்கள் உள்ள தேசத்தில் இந்த நிமிடம் அதிபர் சீட்டின்மேல் தன் விருப்பப்படி நகரக்கூடிய கை தன்னுடையது மட்டும்தானோ என்று தோன்றியது. இப்படி ஒரு கை இருக்கக் கூடாது என்று பிரெண்டா நினைப்பதில்கூட நியாயம் இருப்பதாகப் பட்டது. மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, அடெலா ரொமேரோ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஊர் அதை நம்பவில்லை. யார் சொல்லி எழுதினாய் என்று தொலைக்காட்சிக்காரர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். சொன்னேன், அதனால் எழுதினேன் என்றாள். பூட்டு இல்லாமலா என்று கேட்டுச் சிரித்தார்கள். அவள் கட்சியிலேயே பாதிப் பேர், ரொமேரோ ரகசியமாக ஏதோ கொடுத்திருக்கிறார் என்று பேசினார்கள். அமலன் வீட்டில் தினமும் தானே பாத்திரங்களைக் கழுவினான். ஒருநாள் கழுவிக்கொண்டே, "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான். "ஆமா, கூடாது" என்றாள் அவள்.

ஜனவரியில் எல்லாம் அமலன் சொன்னபடியே நடந்தது. காங்கிரஸ் இறந்தவரின் வாக்குகளை ஒதுக்கியது. யாருக்கும் 270 இல்லை. பட்டியலில் இரண்டு பெயர்கள். விட்லாக்கின் கட்சியிடம் இருபத்தேழு மாநிலங்கள் இருந்தன. ரொமேரோவிடம் இருபத்து மூன்று. விட்லாக்கைப் பிடிக்காத மூன்று மாநிலப் பிரதிநிதிகள் ரொமேரோவின் கதவைத் தட்டினார்கள். ஓட்டுத் தருகிறோம், ஆளுக்கொரு வாக்குக் கொடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், பூட்டு.

ரொமேரோ மூன்று முறை சொன்னார். மூன்று முறை எதிரே இருந்தவர்கள் "ஏற்றேன்" என்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் காலியாகும் முதல் இடம் அவர்கள் சொல்லும் நீதிபதிக்கு. அறுவை மருத்துவர்களின் விலக்கை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்து. மூன்றாவது, காங்கிரஸ் நிறைவேற்றும் எந்தச் சட்டத்தையும் அதிபருக்குள்ள மறுப்பதிகாரத்தால் திருப்பி அனுப்பாமல் இருப்பது. இருபத்தாறு மாநிலங்கள் கிடைத்தன. அடெலா ரொமேரோ பதவியேற்றார்.

இரண்டாவது வாக்கை அவர் கை வசந்த காலத்தில் நிறைவேற்றியது. நாட்டின் விதி இன்னொரு முறை கட்டற்ற ஒரு கையில் சிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் முன்னுரை சொன்னது. இனி அறுவை மருத்துவர்கள் எல்லோரும், நீதிமன்ற அனுமதியின்றி எந்தப் பூட்டையும் அகற்ற மாட்டோம் என்று பூட்டுப் போட வேண்டும். போடாமல் அறுவை செய்தால் பத்தாண்டுச் சிறை. ஜெனோவா மறுத்தாள். மருத்துவமனை அவள் பெயரைப் பலகையிலிருந்து எடுத்தது. பூட்டிழுப்பு வந்தவர்கள் அனுமதி வரும்வரை வார்டில் கிடந்து துடித்தார்கள். சிலருக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

கோடை நடுவில் ஒரு பிற்பகல், அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அடையாளம் தெரியாத வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியது அதிபரின் உதவியாளர். கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

வாக்காளர் பூட்டுச் சட்டம் இரு சபைகளிலும் நிறைவேறி அதிபரின் மேசைக்கு வந்துவிட்டது. அவர் மறுத்துத் திருப்பி அனுப்பினால் அது செத்துவிடும். மறுப்பை மீறுவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு அவர்களிடம் இல்லை. ஆனால் மறுப்பு என்று எழுத அதிபரின் கை எழவில்லை. எழுதாமல் சும்மா இருந்தாலும், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளில் அது தானாகச் சட்டமாகிவிடும். பாதி நாட்கள் போய்விட்டன.

"பூட்டை எடுத்துவிடணும், டாக்டர். அனுமதி கேட்டா நீதிமன்றத்துல விஷயம் வெளியே வந்துடும். பூட்டுப் போட்ட மருத்துவர் யாராலயும் முடியாது. நீங்க மட்டும்தான் போடாம இருக்கீங்க."

"அதைச் செய்தா எனக்குப் பத்து வருஷம். அந்தச் சட்டத்துல கையெழுத்துப் போட்டதே அவங்கதான்."

"மன்னிப்பு கொடுக்கிற அதிகாரம் அதிபருக்கு இருக்கு."

"அப்போ இப்பவே கொடுக்கச் சொல்லுங்க" என்றான் அமலன்.

உதவியாளர் தலையைக் குனிந்தார். "செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு கொடுக்க முடியாது. அறுவை முடிஞ்ச பிறகுதான் கொடுக்க முடியும். கண்டிப்பா கொடுக்கிறதா அவங்க சொல்லச் சொன்னாங்க."

அமலன் தமிழுக்கு மாறினான். "ஜெனோ, நீ பூட்ட எடுத்த பொறவு அவங்களக் கட்டிப்போட எதுவுமே இருக்காது, தெரியுமா? மன்னிப்புக்கு ஒரு பூட்டுப் போட்டாலும் அதையும் சேத்துத்தான் நீ அறுத்து எடுப்ப. கையெழுத்துப் போடலன்னா என்ன செய்வ?"

"செயிலுக்குப் போவேன்."

"இவ்வளவு லேசா சொல்லுத?"

"லேசா இல்லங்க. எனக்கும் ஈரக்கொல நடுங்குது." அவள் கைகளைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நாளைக்கு இந்த ஊருல ஓட்டுப் போடப் போற அத்தன பேரும் வால்டர் மாதிரி விழுறத நான் வார்டுக்கு வெளியே நின்னு பாக்க முடியாது. அன்னைக்கு எங்கிட்ட உத்தரவாதம் கேட்டப்போ, சொன்ன சொல்லே போதும்னுதான நின்னேன்? இப்ப நான் மட்டும் எப்படிக் கேக்க?"

அமலன் எழுந்துபோய் அவளுடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தான்.

வாஷிங்டனுக்கு வெளியே ஒரு சிறிய மருத்துவமனையின் ஒரு பகுதியைக் காலிசெய்து வைத்திருந்தார்கள். ரொமேரோ பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். லான்சிங்கில் பார்த்ததைவிடப் பத்து வயது கூடியிருந்தது.

"மயக்க மருந்து வேண்டாம்" என்றார். "நான் மயங்கினா, அதிகாரத்தை அந்த நேரத்துக்கு இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்கணும். ஊருக்கே தெரிஞ்சிடும். முழிச்சிருக்கும்போதே எடுங்க."

"தோலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போடுறேன். உள்ளே நரம்பைத் தொடும்போது பேசிக்கிட்டே இருக்கணும், மேடம். பேச்சு குழறினா நான் நிறுத்திடுவேன்."

"என்ன பேசறது?"

"என்ன வேணும்னாலும்."

காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு துளையிட்டு, நுண்நோக்கியின் வழியே ஜெனோவா உள்ளே பார்த்தாள். பூட்டின் வேர்கள் நரம்பைச் சுற்றி வெள்ளை நூலாகப் பின்னியிருந்தன. ஒவ்வொரு வேரையும் சுரண்டி எடுக்க வேண்டும். ரொமேரோ தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அரிசோனாவில் அவர் நடத்திய சலவைக்கடையைப் பற்றி, நீராவியில் வெந்த அவர் கைகளைப் பற்றி. மூன்றாவது வேர் பிரியும்போது பேச்சு திடீரென்று நின்றது. இடது கை கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. கருவி ஒன்று கூவத் தொடங்கியது.

"பேசுங்க, மேடம்!"

பதில் இல்லை. ஜெனோவா கத்தியை அப்படியே நிறுத்தினாள். பின்வாங்கினால் வேர் மீண்டும் பற்றிக்கொள்ளும். முன்னே போனால் பேச்சே போய்விடலாம். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. தன் கை நடுங்கவில்லை என்பதை மட்டும் ஒரு கணம் பார்த்துக்கொண்டு, கத்தியை மயிரிழை அளவு திருப்பி வேரை அறுத்தாள்.

"...சோப்பு வாசனை" என்றார் ரொமேரோ, மூச்சு வாங்கிக்கொண்டு. "அவங்க கையில எப்பவும் சோப்பு வாசனை."

மறுநாள் காலையில் ரொமேரோ அதே அறையில் மேசையருகே உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டு, அதன்மேல் ஒரு துணித் தொப்பி. உதவியாளர் வாக்காளர் பூட்டுச் சட்டத்தின் பிரதியை முன்னால் வைத்தார். ரொமேரோ பேனாவை எடுத்தார். இறுக்கம் இல்லை, இழுப்பு இல்லை. மறுத்துத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதிக் கீழே கையெழுத்திட்டார். தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கின. சுவரோரம் நின்ற ஜெனோவாவுக்கும் கலங்கின.

உதவியாளர் அடுத்த தாளை வைத்தார். அது ஒரே பத்தியில் எழுதிய மன்னிப்பு ஆணை. மேலே ஜெனோவாவின் முழுப்பெயர்.

ரொமேரோவின் பேனா அதன்மேல் சென்று நின்றது.

"இன்னைக்கு மதியம் எல்லாரும் கேட்பாங்க" என்றார், தாளைப் பார்த்தபடியே. "மறுக்க மாட்டேன்னு பூட்டுப் போட்ட அதிபர் எப்படி மறுத்தாங்கன்னு. பூட்டு தானாப் பழுதாயிடுச்சுன்னு சொன்னா ஒருவேளை நம்புவாங்க. இதுல கையெழுத்துப் போட்டா, நான் ஆள் வெச்சு எடுக்கச் சொன்னேன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி. என்னைப் பதவியிலிருந்து இறக்க அவங்களுக்கு அது ஒண்ணு போதும். இறக்கினா இந்தச் சட்டம் அடுத்த மாசமே திரும்பி வரும்."

"போலீஸ் என்னைத் தேடி வருவாங்க, மேடம்."

"வருவாங்க. ஒருவேளை வராமலும் போகலாம்."

"நீங்க சொன்னீங்க."

"சொன்னேன்" என்றார் ரொமேரோ. நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். பார்வையில் பொய் இல்லை, வெட்கம் இருந்தது. "சொல்லும்போது நிஜமாத்தான் சொன்னேன், டாக்டர்."

ஜெனோவா அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் அவள் கண்கள் நோயாளியின் கைக்குத்தான் போயின. பேனா தாளின்மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. மணிக்கட்டில் துடிப்பு இல்லை. நரம்பு எதுவும் புடைக்கவில்லை. யாரும் தள்ளாமல், யாரும் தடுக்காமல், ஐந்து விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக இதமாகத் தளர்ந்து பேனாவை மேசைமேல் வைத்தன.

அறுவைச் சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை.